ஆளுக்கு ஒன்னும் ஆகலைல்ல சார்?

நீளமான பதிவு. பொறுமை இருப்பவர்கள் முழுதாகப் படியுங்கள். இல்லாதவர்கள் நடுவில் வரும் கணக்கையும், அதற்குப் பின்னால் வரும் தையல்காரர் கதையையும் மட்டுமாவது படியுங்கள். கார் வைத்திருப்பவர்களுக்கு இது தேவைப்படும். டிவிஎஸ் எக்ஸ்எல் வைத்திருப்பவர்களுக்கு இன்னும் அதிகமாகத் தேவைப்படும்.

2024 ஆகஸ்ட் மாதம், ஒரு வியாழக்கிழமை சாயங்காலம். செட்டியார்பட்டியிலிருந்து ராஜபாளையம் போயிருந்தோம். பஞ்சு மார்க்கெட் பக்கம் காரை ரோட்டோரம், வெள்ளைக் கோட்டைத் தாண்டி நிறுத்திவிட்டு, வீட்டம்மாவுக்குப் பிரஷர் மாத்திரை வாங்க மருந்துக் கடைக்குள் ஏறினேன். அவளும் கூடவே இறங்கி வந்தாள். அது எங்கள் நல்ல நேரம். மாத்திரைச் சீட்டை நீட்டுவதற்குள் வெளியே டமார் என்று சத்தம். நைட்டி பண்டல் ஏற்றிய ஒரு குட்டியானை என் காரின் டிக்கிக்குள் முகத்தைப் புதைத்து நின்றது. காரில் ஆள் இல்லை, இன்ஜின் ஓடவில்லை. மருந்துக் கடை கேமராவில் எல்லாம் பதிவாகியிருந்தது, டிரைவர் காதில் வைத்திருந்த போன் உட்பட.

டிரைவர் சின்னப் பையன். கையெல்லாம் நடுங்கியது. "சார், ஓனர் சம்பளத்துல பிடிச்சிருவாரு சார்" என்றான். அவன் மேல் எனக்குக் கோபம் வரவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் அவன் சம்பளத்தில் என் டிக்கியைச் சரிசெய்ய வேண்டும் என்றும் எனக்குத் தோன்றவில்லை. அதற்குத்தானே அந்த வண்டிக்கு இன்சூரன்ஸ் கட்டியிருக்கிறார்கள் என்று நினைத்தேன். முப்பத்துநாலு வருடம் பாடம் நடத்தியவனுக்கு இவ்வளவு வெள்ளந்தி புத்தி ஆகாது.

கூட்டம் கூடியது. முதல் கேள்வி: "ஆளுக்கு ஒன்னும் ஆகலைல்ல சார்?" இல்லை என்றேன். "அப்புறம் என்ன சார், உங்க இன்சூரன்ஸ்ல போட்டுக்கோங்க." ஸ்டேஷனுக்குப் போனேன். அங்கேயும் அதே கேள்வி, அதே யோசனை. எஃப்ஐஆர் கேட்டேன், சிஎஸ்ஆர் ரசீது கொடுத்தார்கள். ஒர்க்‌ஷாப்பில் அதே யோசனை. என் பாலிசி ஏஜெண்ட் அதையே கொஞ்சம் மரியாதையாகச் சொன்னார். கடைசியில் என் கம்பெனியின் போன் நம்பரில் பேசிய பெண்ணும் ஆளுக்கு அடிபடவில்லையே என்று விசாரித்துவிட்டு கிளெய்ம் நம்பர் கொடுத்தாள். ஐந்து இடம், ஒரே வாக்கியம். மோதியவரின் கம்பெனி என்ன, பாலிசி நம்பர் என்ன என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.

நானும் களைத்துப்போய் என் பாலிசியிலேயே போட்டேன். சர்வேயர் வந்தார், படம் எடுத்தார், கண்ணியமாகத்தான் நடந்துகொண்டார். மூன்று வாரத்தில் கார் புதுசு மாதிரி வந்தது. எல்லோரும் "பாத்தீங்களா சார், எவ்வளவு ஈஸி" என்றார்கள். பில்லை வீட்டுக்கு எடுத்து வந்து, பேனாவை எடுத்தேன்.

மொத்த பில் 61,400 ரூபாய். இதில் தகர பாகங்கள் 24,000. என் கார் 2018 ஜூனில் வாங்கியது, ஆறு வயது. ஐந்திலிருந்து பத்து வயது வரையுள்ள வண்டிக்குத் தகர பாகங்களில் 40 சதவீதம் தேய்மானம் கழிப்பார்கள். போனது 9,600. பம்பர், விளக்கு என்று பிளாஸ்டிக் சாமான் 11,000. பிளாஸ்டிக்குக்கும் ரப்பருக்கும் வயது வித்தியாசமே கிடையாது, எப்போதும் பாதி. போனது 5,500. பின்கண்ணாடி 5,400, கண்ணாடிக்குக் கழிவு இல்லை. பெயிண்டிங் 12,000. அதில் கால்வாசியைப் பெயிண்ட் விலை என்று வைத்து, அதில் பாதியைக் கழிப்பார்கள். போனது 1,500. கூலி 9,000, முழுதாகக் கிடைத்தது. இதெல்லாம் போக, 1500 சிசி வரையுள்ள காருக்குக் கட்டாயக் கழிவு 1,000. ஆக என் பையிலிருந்து போனது 17,600.

இதோடு முடிந்தால்கூட மனதைத் தேற்றிக்கொள்வேன். நோ கிளெய்ம் போனஸ் என்று ஒன்று இருக்கிறது. கிளெய்ம் போடாமல் ஓட்டினால் அடுத்த வருட ஓன் டேமேஜ் பிரீமியத்தில் தள்ளுபடி. முதல் வருடத்துக்குப் பின் 20 சதவீதம், பிறகு 25, 35, 45, 50. ஆறு வருடம் ஒரு கீறல்கூட இல்லாமல் ஓட்டி அந்த 50-ல் நான் உட்கார்ந்திருந்தேன். ஒரு கிளெய்ம் போட்டதும் பூஜ்யம். யார் மோதினார்கள் என்பதெல்லாம் கணக்கில்லை. கிளெய்ம் போட்டாயா இல்லையா, அவ்வளவுதான். போனஸ் கழிக்கும் முன் என் பிரீமியம் சுமார் 7,000. அது மாறாமல் இருந்தாலே, மறுபடி ஏணியில் ஏறி 50-க்கு வருவதற்குள் முதல் வருடம் 3,500, பிறகு 2,100, 1,750, 1,050, 350. கூட்டிப் பாருங்கள், 8,750.

17,600-ம் 8,750-ம் சேர்ந்து 26,350 ரூபாய். மருந்துக் கடையில் மாத்திரைச் சீட்டோடு நின்றதற்கு எனக்கு விழுந்த அபராதம். போன் பேசிக்கொண்டு மோதிய வண்டிக்கு ஒரு பைசா கிடையாது. அந்த வண்டியின் கம்பெனிக்கும் கிடையாது. அவர்களுடைய போனஸ் பத்திரமாக இருக்கிறது.

இதைச் சொன்னால் ஏஜெண்டுகள் சொல்லும் பதில் ஒன்று உண்டு. "ஜீரோ டெப் போட்டிருக்கணும் சார், போனஸ் புரொடெக்ட் போட்டிருக்கணும் சார்." அதாவது, அடுத்தவன் என் மேல் மோதுவதற்காக நான் கூடுதல் பிரீமியம் கட்டியிருக்க வேண்டும். திருடன் வந்தால் என்ன செய்வது என்று கேட்டால், கூட ரெண்டு பூட்டு வாங்குங்கள் என்பது சரி. ஆனால் திருடனைப் பிடித்த பிறகும் பூட்டு வாங்காதது உன் தப்பு என்றால் எப்படி? அதிலும் ஜீரோ டெப் பெரும்பாலும் புது வண்டிகளுக்குத்தான் கிடைக்கும். பழைய காரை வைத்துக்கொண்டு பென்ஷனில் ஓட்டுகிறவனுக்கு அந்தப் பூட்டும் கிடையாது.

சரி, சட்டம் என்ன சொல்கிறது?

மூன்றாம் நபர் காப்பீடு, தர்ட் பார்ட்டி என்கிறோமே, அந்தப் பெயரைக் கொஞ்சம் யோசியுங்கள். கம்பெனி ஒரு நபர், வண்டிக்காரர் இரண்டாம் நபர், அவர் யார் மேல் மோதுகிறாரோ அவர் மூன்றாம் நபர். அந்த மூன்றாம் நபருக்காகத்தான் இந்த இன்சூரன்ஸே. இந்தியாவில் இது 1946 ஜூலை 1 முதல் கட்டாயம். இப்போதுள்ள 1988 மோட்டார் வாகனச் சட்டத்தில் 146-வது பிரிவு. இது இல்லாமல் ஓட்டினால் முதல் தடவை 2,000 ரூபாய் அபராதம் அல்லது மூன்று மாதம் வரை ஜெயில். அரசாங்கம் ஆளைப் பிடித்து வாங்கச் சொல்லும் பொருள் நாட்டில் வேறு எத்தனை இருக்கிறது?

இந்தக் கட்டாயத்தை இறுக்கியதில் நம் கோயம்புத்தூருக்கும் பங்கு உண்டு. கங்கா ஆஸ்பத்திரி எலும்பு டாக்டர் எஸ்.ராஜசேகரன், சாலை விபத்தில் சிதைந்து வருகிறவர்களைப் பார்த்துப் பார்த்து உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். அந்த வழக்கில்தான், நாட்டில் ஓடும் 18 கோடி வண்டிகளில் 6 கோடிக்குத்தான் மூன்றாம் நபர் காப்பீடு இருக்கிறது என்ற விஷயம் 2018-ல் கோர்ட்டில் பேசப்பட்டது. 2018 செப்டம்பர் 1 முதல் புதுக் காருக்கு மூன்று வருடம், புது டூவீலருக்கு ஐந்து வருடம் மொத்தமாகக் கட்டியாக வேண்டும் என்று உத்தரவு வந்தது. நல்ல உத்தரவு. ஆனால் காசு வாங்கும் கவுன்ட்டரை இவ்வளவு அகலமாகத் திறந்தவர்கள், காசு கொடுக்கும் கவுன்ட்டரை எங்கே வைத்திருக்கிறார்கள்?

நான் தேடிப் போனேன். மோதிய வண்டியின் நம்பரை எம்பரிவாகன் செயலியில் போட்டால் இன்சூரன்ஸ் கம்பெனி பெயரும், எதுவரை செல்லும் என்பதும் வந்துவிடும். வந்தது. பாலிசி உயிரோடுதான் இருந்தது. அந்தக் கம்பெனியின் கிளைக்கு, நான் இழந்த தொகைக்குக் கணக்குப் போட்டு, கேமரா பதிவோடு கடிதம் கொடுத்தேன். அங்கே இருந்தவர் ஆச்சரியமாகப் பார்த்தார். "சார், நீங்க எங்க கஸ்டமரே இல்லையே" என்றார். ஆமாம் அய்யா, நான் மூன்றாம் நபர், உங்கள் பாலிசியின் தலைப்பிலேயே இருப்பவன் என்றேன். சிரித்துவிட்டு, "கோர்ட் ஆர்டர் கொண்டு வாங்க" என்றார்.

அவர் சொன்னது ஒருவகையில் உண்மை. என் கம்பெனி என்னை ஏமாற்றினால் இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். வக்கீல் வேண்டாம், கட்டணம் இல்லை, 50 லட்சம் வரை தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் அவருக்கு உண்டு. ஆனால் அடுத்தவன் கம்பெனி மேல் அங்கே போக முடியாது. நான் அவர்களுக்குப் பிரீமியம் கட்டவில்லை, ஆகவே நுகர்வோர் கோர்ட்டும் எனக்குக் கதவைத் திறக்காது. மிச்சம் இருப்பது மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம். நமக்கு அது ஸ்ரீவில்லிபுத்தூர். ஜில்லா தலைநகர் விருதுநகர் ஆனாலும் ஜில்லா கோர்ட் நம் பக்கம்தான், அந்தவரையில் பாக்கியம். வக்கீல் நண்பரிடம் கேட்டேன். 26,350 ரூபாய்க்கு வழக்கா என்று ஒரு மாதிரி பார்த்தார். எஃப்ஐஆர் வேண்டும், பிரேக் இன்ஸ்பெக்டர் ரிப்போர்ட் வேண்டும், சாட்சி வேண்டும், வாய்தா வாய்தாவாக அலைய வேண்டும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.

கம்பெனிக்காரர்களுக்கும் இந்தப் பழமொழி தெரியும். அந்த முக்கால் பணச் சுமைகூலியை நம்பித்தான் அவர்கள் "கோர்ட் ஆர்டர் கொண்டு வாங்க" என்று சிரிக்கிறார்கள். அவர்களுக்குள் நாக் ஃபார் நாக் என்று பழைய ஏற்பாடு ஒன்று உண்டு. இரண்டு வண்டி மோதினால் அவரவர் வாடிக்கையாளர் வண்டிக்கு அவரவர் செலவு, ஒருவரிடம் ஒருவர் வசூலுக்குப் போவதில்லை. வருடக் கடைசியில் இரண்டு பேருக்கும் சரியாகிவிடும் என்பது கணக்கு. கம்பெனிகளுக்குச் சரியாகிவிடும், மறுக்கவில்லை. தேய்மானமும் போனஸும் இழந்தவனுக்கு எந்த வருடக் கடைசியில் சரியாகும்?

இன்னொரு விஷயம். 1988-ல் சட்டம் எழுதியபோது, மூன்றாம் நபரின் பொருளுக்கு நேரும் சேதத்துக்குக் காப்பீட்டின் கட்டாய வரம்பு எவ்வளவு வைத்தார்கள் தெரியுமா? 6,000 ரூபாய். நடைமுறையில் காருக்கான பாலிசிகள் 7.5 லட்சம் வரை பொறுப்பேற்கின்றன, டூவீலர் பாலிசிகள் 1 லட்சம் வரை. ஆனால் பிரீமியத்தில் நூறு, இருநூறு குறையும் என்பதற்காக அந்த வரம்பை மறுபடி 6,000-க்கே இறக்கிக்கொள்ளும் வசதியும் பாலிசியில் இருக்கிறது. உங்கள் பாலிசியை எடுத்து டிபிபிடி என்று போட்டிருக்கும் இடத்தைப் பாருங்கள். அங்கே 6,000 என்றிருந்தால், நீங்கள் ஒருவர் காரை இடித்தால் அதற்கு மேலான தொகை உங்கள் தலையில்.

என் கதை இவ்வளவுதான். எனக்குப் போனது பணம், அதுவும் தாங்கக்கூடிய பணம். இந்தப் பதிவை எழுத வைத்தது என் கார் இல்லை.

என்னிடம் எட்டாவது படித்த ஒரு பையன், இப்போது நாற்பது வயது இருக்கும், தளவாய்புரத்தில் நைட்டி தைக்கிறான். பீஸுக்குக் கூலி. 2024 ஜனவரியில் எக்ஸ்எல்லில் வேலை முடிந்து வரும்போது, இண்டிகேட்டர் போடாமல் திரும்பிய ஒரு கார் தட்டி விழுந்தான். வலது மணிக்கட்டு எலும்பு முறிந்தது. எக்ஸ்எல் முன்பக்கம் கோணிப்போனது. ஸ்டேஷனில் வைத்து சமாதானம் பேசினார்கள். காரில் வந்தவர் நல்ல மாதிரியாகப் பேசி 8,000 ரூபாய் கொடுத்தார். மேற்கொண்டு நடவடிக்கை வேண்டாம் என்று எழுதிய தாளில் இவன் இடது கையால் கையெழுத்துப் போட்டான். இரண்டரை மாதம் மெஷினில் உட்கார முடியவில்லை. உட்கார்ந்த பிறகும் பழைய வேகம் வரவில்லை.

அவனுக்கும் "உங்க இன்சூரன்ஸ்ல போட்டுக்கோ" என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அவன் எக்ஸ்எல்லுக்கு இருப்பது வெறும் தர்ட் பார்ட்டி. சொந்த வண்டிக்குச் சல்லிக் காசு வராது. நம் ஊரில் டூவீலர் வைத்திருப்பவர்களில் ஓன் டேமேஜோடு பாலிசி எடுத்தவர்கள் யார் யார் என்று கேட்டுப் பாருங்கள், தெரியும். எனக்கு நஷ்டத்தைக் கொடுத்த யோசனை அவனுக்கு எதையுமே கொடுக்காது. மோதியவரின் கம்பெனி ஒன்றுதான் அவனுக்கு வழி. அந்த வழியை அடைத்து 8,000 ரூபாய்க்குக் கையெழுத்து வாங்கிவிட்டார்கள்.

இப்போது கேளுங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 164-வது பிரிவு, 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருப்பது. விபத்தில் இறந்தால் 5 லட்சம், கொடுங்காயம் பட்டால் 2.5 லட்சம், யார் தப்பு என்றே நிரூபிக்க வேண்டாம், வண்டி உரிமையாளரோ அவரது இன்சூரன்ஸ் கம்பெனியோ கொடுக்க வேண்டும். கொடுங்காயம் என்றால் கை கால் துண்டாக வேண்டும் என்று நினைக்காதீர்கள். எலும்பு முறிவு சட்டப்படி கொடுங்காயம். வருமான இழப்பு, மருத்துவச் செலவு என்று தப்பை நிரூபித்துக் கூடுதலாகக் கேட்க 166-வது பிரிவு தனியாக இருக்கிறது. இரண்டரை லட்சத்துக்கு மனுப் போடும் உரிமை இருந்தவனிடம் எட்டாயிரத்தைக் கொடுத்து "சமாதானம்" என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அந்த இரண்டரை லட்சம் காரில் வந்தவர் பையிலிருந்தும் போகாது. அவர் ஏற்கெனவே பிரீமியம் கட்டிவிட்டார். அப்படியானால் யாருடைய லாபத்துக்காக இந்தச் சமாதானம்?

அவன் என்னிடம் வந்தது எட்டு மாதம் கழித்து, என் கார் அடிபட்ட செய்தி கேட்டு விசாரிக்க வந்தவன், பேச்சுவாக்கில் சொன்னான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. 2019-ல் சட்டத்தைத் திருத்தியபோது, விபத்து நடந்து ஆறு மாதத்துக்குள் மனுப் போட வேண்டும் என்று 166-ல் ஒரு கெடு சேர்த்தார்கள். அதுவும் 2022 ஏப்ரலில் இருந்து அமலில் இருக்கிறது. அதற்கு முன் பல வருடம் கெடுவே இல்லாமல் இருந்தது. மணிக்கட்டில் மாவுக்கட்டோடு இருப்பவனுக்கு ஆறு மாதம் என்பது எவ்வளவு நாள் என்று டெல்லியில் இருப்பவர்களுக்கு யார் சொல்வது? அந்தக் கெடுவை எதிர்த்தே உச்ச நீதிமன்றத்தில் வழக்குகள் போயிருக்கின்றன. ஆகவே ஆறு மாதம் தாண்டிவிட்டது என்று யாரும் தாங்களாகவே விட்டுவிடாதீர்கள். வக்கீலிடம் கேளுங்கள்.

ஸ்டேஷன்காரர்களை மட்டும் குறை சொல்ல மாட்டேன். அவர்களுக்கு ஆள் பற்றாக்குறை, வேலை ஏகப்பட்டது. ஆனால் விதி என்னவென்று தெரிந்துகொள்ளுங்கள். 2022-ல் வந்த விதிகளின்படி, விபத்து நடந்த 48 மணி நேரத்தில் போலீஸ் முதல் விபத்து அறிக்கையைத் தீர்ப்பாயத்துக்கும் இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் அனுப்ப வேண்டும். 90 நாளில் விரிவான அறிக்கை. அந்த விரிவான அறிக்கையையே தீர்ப்பாயம் மனுவாக எடுத்துக்கொள்ளலாம். அடிபட்டவன் வக்கீலைத் தேடி அலையவே வேண்டியதில்லை என்பதுதான் யோசனை. 2022 டிசம்பரில் கோஹர் முகமது வழக்கில் உச்ச நீதிமன்றம் இதையெல்லாம் நடைமுறைப்படுத்தச் சொல்லி மாநிலங்களுக்கு உத்தரவே போட்டது. 149-வது பிரிவில், கம்பெனி ஓர் அதிகாரியை நியமித்து 30 நாளில் தொகை சொல்லலாம் என்று இருக்கிறது. ஆனால் எல்லாமே எஃப்ஐஆரில் இருந்து ஆரம்பிக்கிறது. அந்த முதல் தாளை எழுதாமல் சமாதானம் பேசிவிட்டால், பின்னால் இருக்கும் அத்தனை விதியும் வெறும் அச்சு.

கம்பெனிகள் தரப்பில் ஒரு நியாயம் உண்டு, அதையும் சொல்கிறேன். தமிழ்நாட்டில் போலி விபத்து வழக்குகள் நடந்திருக்கின்றன. வீட்டில் வழுக்கி விழுந்தவனை பைக்கில் அடிபட்டதாகக் காட்டி, வக்கீலும் மற்றவர்களும் பங்கு போட்ட கதைகள் கோர்ட் வரை போய், விசாரணையும் நடந்தது. உண்மைதான். ஆனால் காப்பியடித்த பையன் இருக்கிறான் என்பதற்காக வகுப்பில் எல்லோருடைய விடைத்தாளையும் திருத்தாமல் வைக்க முடியுமா? கேமராவில் பதிவான, நிறுத்தி வைத்த காரின் பின்னால் மோதிய விபத்தில் எதை விசாரிக்க வேண்டும்?

கோர்ட்டுகள் சும்மா இருந்தன என்றும் சொல்ல முடியாது. 2021 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம், செப்டம்பர் 1 முதல் விற்கும் புது வண்டிகளுக்கு ஐந்து வருடம் பம்பர் டு பம்பர் இன்சூரன்ஸ் கட்டாயம் என்று சொன்னது. அடுத்த மாதமே நடைமுறைக்கு ஒத்துவராது என்று அந்த உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. அன்று எல்லோரும் அதைப் பற்றித்தான் பேசினோம். இப்போது யோசித்தால் அந்த வழியே எனக்கு உவப்பாக இல்லை. அதுவும் அடிபடுகிறவனை இன்னும் கொஞ்சம் பிரீமியம் கட்டச் சொல்வதுதான்.

வேறு வழி இல்லையா என்றால், இருக்கிறது. ஐரோப்பாவில் வண்டிக்குள் ஒரு படிவம் வைத்திருப்பார்கள். சின்ன மோதல் என்றால் இரண்டு டிரைவர்களும் அங்கேயே நின்று அதை நிரப்பி, எப்படி மோதியது என்று படம் போட்டு, இருவரும் கையெழுத்திட்டு ஆளுக்கொரு நகல் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். கம்பெனிகள் அதை வைத்துத் தப்பு யாருடையது என்று தீர்மானிக்கும். இத்தாலியில் 2007 முதல், தப்பில்லாதவருக்கு அவருடைய கம்பெனியே மோதியவரின் கம்பெனி சார்பில் கொடுத்துவிட்டு, பின்னால் தங்களுக்குள் கணக்குத் தீர்த்துக்கொள்கிறது. பிரான்ஸில் முழுத் தப்பு உன்னுடையது என்றால் உன் பிரீமியம் 25 சதவீதம் ஏறும், பாதித் தப்பு என்றால் 12.5 சதவீதம், தப்பே இல்லை என்றால் ஏறாது. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்குப் புரியும் நியாயம். நம் ஊரிலோ இரண்டு பேர் பாலிசியும் கம்ப்யூட்டரில் இருக்கிறது, சந்துக்குச் சந்து கேமரா இருக்கிறது. ஒரு லட்சத்துக்குள்ளான வண்டிச் சேதத்துக்கு மோதியவரின் கம்பெனியே 30 நாளில் தர வேண்டும், தப்பில்லாதவரின் போனஸைத் தொடக்கூடாது என்று ஐஆர்டிஏஐ ஒரு சுற்றறிக்கை போடுவதற்கு என்ன தடை?

நம் அரசு பஸ்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. அரசுப் போக்குவரத்துக் கழகங்களுக்கு இன்சூரன்ஸ் எடுப்பதிலிருந்து சட்டமே விலக்குத் தர இடம் கொடுக்கிறது, தாங்களே நிதி வைத்துக் கொடுக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. கொடுக்கும் லட்சணம்தான் பேப்பரில் அடிக்கடி படத்தோடு வருகிறதே, "இழப்பீடு வழங்காததால் அரசு பஸ் ஜப்தி" என்று. கணவனைப் பறிகொடுத்தவள் கோர்ட் அமீனாவோடு பஸ் ஸ்டாண்டில் பஸ்ஸுக்காகக் காத்திருக்கிறாள், ஏறிப் போக இல்லை. மேலே எழுத ஆரம்பித்தால் இது இன்னொரு பதிவாகிவிடும்.

அந்தப் பையனுக்கு, எனக்கு அவன் இன்னும் பையன்தான், தாமதத்துக்கான காரணத்தை எழுதி, ஆஸ்பத்திரிச் சீட்டு, எக்ஸ்ரே, முதலாளியிடம் வாங்கிய கூலிக் கணக்கு எல்லாம் சேர்த்து வக்கீல் மூலம் ஸ்ரீவில்லிபுத்தூரில் மனுப் போட்டிருக்கிறோம். அந்தக் கையெழுத்துத்தான் எதிர்த்தரப்பின் முதல் ஆயுதம் என்று வக்கீல் சொல்லிவிட்டார். பார்ப்போம். என்னுடைய 26,350-க்கு வட்ட சட்டப் பணிகள் குழுவில் மனுக் கொடுத்திருக்கிறேன். வழக்காகப் போடும் முன்பே லோக் அதாலத்தில் இரு தரப்பையும் கூப்பிட்டுப் பேச வைப்பார்கள், கட்டணம் கிடையாது. முதல் தடவை அந்தக் கம்பெனியிலிருந்து யாரும் வரவில்லை. அடுத்த தேதி போட்டிருக்கிறார்கள், டிபன் டப்பாவோடு போய் உட்காரப் போகிறேன். வீட்டம்மா "பஸ் செலவுக்குக் கட்டுமா" என்று கேட்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன். இப்படி யாருக்காவது நடந்திருந்தால் ஆர்சி, பாலிசி, சிஎஸ்ஆரோ எஃப்ஐஆரோ இருப்பது, ஆஸ்பத்திரிச் சீட்டு, மோதிய வண்டியின் நம்பர், எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு வாருங்கள். நான் வக்கீல் இல்லை, ஆனால் எந்தத் தாளுக்கு எந்தக் கதவு என்று இப்போது ஓரளவு தெரியும். ஸ்டேஷனில் எதிலாவது கையெழுத்துக் கேட்டால், போடுவதற்கு முன்னால் ஒரு போன் அடியுங்கள்.